பூண்டு மணக்கும் கல்

தேனி அல்லிநகரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் எடை இயந்திரம் என் மனைவிக்கு நாற்பத்தொன்றரைக் கிலோ என்று காட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். முந்நூறு கிராம் குறைந்தது. டாக்டர் சொல்லியிருந்த எல்லை நாற்பது. அதற்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும் என்றார். ஆக மிச்சம் ஒரு கிலோ இருநூறு கிராம். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த எண்ணையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்தில் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசி நூற்றிருபது கிராம், பருப்பு ஐம்பது, உப்பு ஆறு. ஐப்பசியிலிருந்து சமையல் என் பொறுப்பு. அதற்கு முன்னால் எனக்கு வெந்நீர் வைக்க மட்டுமே தெரியும். ஆனால் முப்பத்தேழு வருடம் தாதுக்கற்களை நிறுத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவனுக்குச் சாம்பார் வைப்பது பெரிய காரியமாக இருக்காது என்று நினைத்தேன். அவளிடம் அளவு கேட்டபோது ஒரு கை, ஒரு சிட்டிகை, கண்பார்வைக்கு என்றாள். அது அளவே இல்லை என்று சொல்லி, அவளுடைய கையையும் சிட்டிகையையும் தராசில் நிறுத்து கிராமாக மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு நான் வைத்த எந்தச் சாம்பாரும் இன்னொரு சாம்பாரிலிருந்து அரை கிராம்கூட மாறியிருக்காது.

அன்றும் அவள் ஐந்து வாய்தான் சாப்பிட்டாள். ஆறாவது வாயை உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு மூன்று நாளில் விட்டுவிட்டது. அவளுக்குப் பன்னிரண்டு நாள். காய்ச்சல் விட்ட பிறகும் நின்று வேலை செய்தால் மூச்சு வாங்கியது, அதனால் அடுப்படி என் கைக்கு வந்தது. அவளுக்கு வாசம் போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய தம்பிதான். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டியில் அவர்களுக்குப் பூண்டு மண்டி இருக்கிறது. அவளுடைய தாத்தா காலத்து மண்டி. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் பஸ் ஏறி வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவான். வரும்போது மலைப்பூண்டு கொண்டுவருவான். அந்த ஞாயிறு ஒரு சின்ன மூட்டையைக் கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். பிறகு அவள், “பூண்டு கொண்டாரலையாடா?” என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். மூட்டை அவளிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. மண்டியில் வளர்ந்தவள் அவள். தெருவில் வண்டி திரும்பும்போதே அது மலையிலிருந்து வந்த சரக்கா, வடநாட்டுச் சரக்கா, போன வருடத்துப் பழசா என்று சொல்லிவிடுவாள் என்று அவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

காது மூக்கு டாக்டர் நாலு புட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். கிராம்பு, எலுமிச்சை, நீலகிரித் தைலம், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூக்கு திரும்பப் படித்துக்கொள்ளும் என்றார். நான் புட்டிகளில் சீட்டு ஒட்டி வரிசையாக வைத்தேன். ஒரு வேளையும் தவறவில்லை. தை பிறந்த பிறகு ஒரு காலையில் கிராம்புப் புட்டியை மூக்கிலிருந்து எடுக்காமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வருகிறதா என்றேன். தலையை ஆட்டினாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று நினைவில்லை. ஏனென்றால் அன்று மதியமே அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். சாம்பார் கருகின துணி மாதிரி நாறுகிறது என்றாள். மறுநாள் சட்னி பழைய சோப்பு மாதிரி. தாளித்த எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசமே இல்லாதபோதுகூடப் பத்து, பதினோரு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் வாசம் திரும்பியதும் ஐந்துக்கு இறங்கிவிட்டாள். டாக்டரிடம் போனோம். அது அப்படித்தான், போன வாசம் திரும்பும்போது பலருக்குக் கோணலாகத்தான் வரும், நல்லதெல்லாம் கெட்டதாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், எடையை மட்டும் விடாதீர்கள் என்றார். அவர் சொன்னது மருத்துவப்படி சரிதான். நான் வேறு இரண்டு டாக்டர்களிடமும் விசாரித்தேன்.

அவள் அன்றிலிருந்து குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஐந்து வாய் சாப்பிடுவாள். “என் மூக்கு கோணிப் போச்சு, நீங்க என்ன செய்வீக” என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். நான் உப்பை அரை கிராம் கூட்டிப் பார்த்தேன். குறைத்துப் பார்த்தேன். மிளகாயை மாற்றினேன். ஐந்து ஐந்தாகவே இருந்தது. என் சாப்பாடும் எனக்கு ருசிக்கவில்லைதான். கவலையில் இருக்கிறவனுக்கு எது ருசிக்கும் என்று விட்டுவிட்டேன்.

மச்சினன் ஒரு ஞாயிறு வாசலில் நின்று என்னிடம் மட்டும் பேசினான். அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. எப்போது கேட்டாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான். கிராம் கணக்கில் குழம்பு வைக்கிற ஆள் தேனி ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் என்று முதலில் சிரித்துப் பேசினான். பிறகு, “மச்சான், தப்பா எடுத்துக்கிறப்படாது. அக்காவை ஒரு மாசம் அங்கன எங்க வீட்டுல விடுங்க” என்றான்.

முடியாது என்றேன். டாக்டர் இங்கே, எடை இயந்திரம் இங்கே, நாலு புட்டி இங்கே. அங்கே போனால் யார் எண்ணுவார்கள்?

நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

ஆரவல்லி மலைத்தொடர் தெற்கே வந்து தாழ்கிற இடத்தில் ஒரு சுரங்கம். துத்தநாகம், ஈயம், செம்பு. மூன்றும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரே கல்லில் கிடக்கும். இப்போது அங்கே முள்மரமும் ஆட்டுமந்தையும்தான். ஏறக்குறைய நூறு கோடி வருடத்துக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலுக்குள் எரிமலைத் தீவுகள் வில்லாக வளைந்து வரிசையாக நின்றன, இன்றைக்கு ஜப்பானும் இந்தோனேசியாவும் நிற்பது போல. தீவுகளின் அடியில் கடல்தண்ணீர் விரிசல்களுக்குள் இறங்கி, கொதித்து, வழியிலிருந்த உலோகத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு, கடல்தரையில் கறுப்புப் புகையாகக் கக்கியது. குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உலோகம் கந்தகத்தோடு இறுகி அடுக்கடுக்காகப் படிந்தது. பிறகு தீவுகள் கண்டத்தோடு மோதி நசுங்கி மலையாகின. கடல் போய்விட்டது. படிந்தது மட்டும் மலைக்குள் இருந்தது.

நம் பள்ளத்தாக்கில் அப்படி எதுவும் கிடையாது. போடி மலையும் மேகமலையும் வேறு விதமாக வெந்து இறுகிய கல். கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் நோய்க்கு அடிக்கிற மயில்துத்தம் அந்த மாதிரித் தீவுகளில் எங்கோ படிந்த செம்பாக இருக்கலாம். அவ்வளவுதான் உறவு.

சுரங்கம் துத்தநாகத்துக்காகவும் ஈயத்துக்காகவும் நடந்தது. என் வேலை அவற்றுக்குள் ஒளிந்திருந்ததைத் தேடுவது. இண்டியம், செலினியம், டெல்லூரியம், பிஸ்மத் மாதிரி அரிய தனிமங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது. இண்டியம் துத்தநாகக் கல்லுக்குள், துத்தநாக அணு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். செலினியம் கந்தகத்தின் இடத்தில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு டன் கல்லில் சில கிராம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் சேர்ந்த காலத்தில் இவை கழிவோடு கழிவாகப் போய்க்கொண்டிருந்தன. பிற்காலத்தில் செல்போன் திரைக்கு இண்டியம் வேண்டும், சூரியத் தகட்டுக்கு டெல்லூரியம் வேண்டும் என்றதும் பழைய கற்களையெல்லாம் திரும்ப எடுத்து வரச் சொன்னார்கள். அத்தனை வருடத்தில் இண்டியத்தை நான் கல்லுக்குள் கண்ணால் பார்த்ததே கிடையாது. இயந்திரம் ஒரு எண் கொடுக்கும். நான் அதை நம்புவேன்.

எடுத்தவுடன் நம்பமாட்டேன். எந்த இயந்திரத்தையும் அப்படி நம்பக்கூடாது என்பதுதான் எங்கள் தொழில். இருபது மாதிரி அனுப்பினால், அதற்கு நடுவே ஒன்றுமே இல்லாத கல் ஒன்றைப் பொடித்து, அதே மாதிரிப் பையில், அதே மாதிரி எண் போட்டு நுழைத்துவிடுவோம். பிளாங்க் என்று பெயர். அதில் இயந்திரம் ஏதாவது காட்டினால் இயந்திரம் பொய் சொல்கிறது. இவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்த மாதிரி ஒன்றையும் நுழைப்போம். அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்போம். எது எந்தப் பை என்று சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

என் மனைவியின் மூக்கை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். கிராம்பைக் கிராம்பு என்று சொன்னாள். ஆனால் புட்டியில் சீட்டு இருந்தது, வரிசை எப்போதும் ஒன்றுதான். பூண்டைப் பூண்டு என்று சொன்னாள். ஆனால் தோலின் சரசரப்பு போதுமே, கண்ணை மூடியும் சொல்லலாம். அதெல்லாம் சாட்சி ஆகாது. சாம்பாரைக் கருகல் என்றாள். சாம்பாரின் அளவு எனக்குத் தெரியும். ஆகவே இயந்திரம் கோணல். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

பங்குனி மாதம் ஒரு மதியம் அவள் தட்டில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தாள். நான் எண்ணுவதற்குத் தயாராக எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், “அங்கன காலனியில கல்லைத் தட்டிப் பூண்டு வாசம் காட்டுனீகளே, அந்தக் கல்லு இருக்கா?” என்றாள்.

இருந்தது. பரணில், முறுக்கு டப்பாவில், மற்ற ஆறு கற்களோடு.

கல்யாணமான முதல் கோடையில் நடந்தது அது. சுரங்கக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த காலனி வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே கிடைத்த பூண்டு பெரிதாக, வெள்ளையாக இருக்கும். அது பூண்டே இல்லை என்பாள். ஒரு சாயங்காலம் நான் சட்டைப்பையில் ஒரு கல்லைக் கொண்டுவந்தேன். இரும்பும் கந்தகமும் பாஷாணமும் சேர்ந்த கல், ஆர்சனோபைரைட். வெள்ளி போல மினுங்கும். எங்கள் சுரங்கத்தில் பிஸ்மத்தும் டெல்லூரியமும் இருக்கிற இடங்களில் இது பக்கத்தில் கிடக்கும், அதனால் இதைத் தேடிக்கொண்டே போவோம். சுத்தியலால் தட்டினால் அதிலுள்ள பாஷாணம் பூண்டு வாசம் வீசும். கல்லை இனம் காண அது ஒரு வழி. துவைக்கிற கல்லின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டி அவளிடம் நீட்டினேன். பூண்டு என்று அவள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகர்ந்தாள், யோசித்தாள். இது பூண்டு இல்லை, மண்டியில் மழைத்தண்ணீர் புகுந்தால் மூன்றாம் நாள் அடியிலுள்ள மூட்டையிலிருந்து வருகிற வாசம் என்றாள். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள். அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அந்தச் சாப்பாட்டை நான் எண்ணவில்லை.

மறுநாள் காலை டப்பாவை இறக்கினேன். கல்லை எடுத்துத் தட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். இதோ பூண்டுக் கல் என்று காட்டிவிட்டுத் தட்டினால் அவள் பூண்டு என்றுதான் சொல்வாள். அதற்குப் பதில் முறையாகச் செய்யலாம். மூன்று கல் எடுத்தேன். ஒன்று ஆர்சனோபைரைட். ஒன்று வெறும் பைரைட், இரும்பும் கந்தகமும் மட்டும். தட்டினால் வெடிமருந்து வாசம் வரும். மூன்றாவது வெள்ளைச் சலவைக்கல், தாதுவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது, எந்த வாசமும் கிடையாது. அதுதான் பிளாங்க். மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை.

அவளை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டினேன். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினேன். ஒன்பது சீட்டு எழுதி, மடித்து, டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். எந்தக் கல் எப்போது என்பதை நானே முடிவு செய்யக்கூடாது. சீட்டை எடுத்துப் பார்த்து, அந்தக் கல்லை அம்மியின் மேல் வைத்து ஒரே ஒரு தட்டு, உடனே அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டுவது. பாஷாணம் என்பதால் கிட்டே கொண்டுபோகவில்லை, ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

“இந்த வயசுல கண்ணாமூச்சி” என்றாள்.

முதல் சீட்டு சலவைக்கல். ஒன்றும் வரவில்லை என்றாள். இரண்டாவது பைரைட். கொஞ்சம் யோசித்துவிட்டு, தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு என்றாள். மூன்றாவதும் சலவைக்கல், வெறும் கல்லைத் தட்டி என்னை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டாள். நாலாவது சீட்டில் ஆர்சனோபைரைட் வந்தது. தட்டி நீட்டினேன்.

அவள் முகம் கொஞ்சம் முன்னால் வந்தது. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“மழைத்தண்ணி புகுந்த மண்டி” என்றாள்.

மீதி ஐந்தையும் செய்தேன். ஒன்பதில் ஒன்பதும் சரி. எங்கள் ஆய்வகத்தில் எந்த இயந்திரமும், எந்த ஆளும் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. துண்டை அவிழ்த்தாள். எத்தனை சரி என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப என் மூக்கு கோணலா இல்லையா?”

இல்லை என்றேன்.

“உங்களுக்கும் அப்படித்தான வந்துச்சு?” என்றாள்.

வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் யோசித்தேன். ஒன்பது தடவை தட்டியிருக்கிறேன். ஒன்பது தடவையும் சீட்டில் கண், அவள் வாயில் காது. என் மூக்குக்கு என்ன வந்தது? ஆர்சனோபைரைட்டை எடுத்து மறுபடி தட்டினேன். ஒன்றும் இல்லை. பழைய கல், மேல்பக்கம் மங்கியிருக்கும் என்று திருப்பி வைத்துத் தட்டினேன். இன்னும் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தேன். சலவைக்கல்லுக்கும் அதற்கும் எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

“போதும். விசம்னு நீங்கதான சொன்னீக” என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பல மாதங்களாக அவள் உள்ளே வந்ததில்லை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரும், போகும். கார்த்திகையில் நான் மொத்தமாக வாங்கிய பதினைந்து லிட்டர் கடலை எண்ணெய் டின் அடுப்புக்குப் பக்கத்தில் பாதி மூடியோடு நின்றது. குனிந்து முகர்ந்தாள். குக்கர் அடியைப் பார்த்தாள். அதன் ரப்பர் வளையம் தளர்ந்துபோய் ஆவி ஒழுகி, தண்ணீர் வற்றிப் பருப்பு தினமும் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. நான் கறுப்பைத் தினமும் சுரண்டிக் கழுவிவிட்டு, மேலே இருப்பதை எடுத்துப் பரிமாறியிருக்கிறேன். கறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது, கழுவினால் போய்விட்டது. ஃப்ரிட்ஜில் துருவி வைத்திருந்த தேங்காயைத் திறந்தவள் உடனே மூடினாள்.

ஒரு கரண்டியில் எண்ணெய் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். என்ன என்றாள். கடலை எண்ணெய் என்றேன். வாசம் என்ன என்றாள். மறுபடி முகர்ந்தேன், கரண்டியில் மஞ்சள் நிறம்தான் தெரிந்தது.

“காறிப்போன எண்ணெயில தாளிச்சுத் தாளிச்சுப் போட்டிருக்கீக. நான் என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிட்டு இருந்திருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இருமலும் கலந்திருந்தது. டின்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டிய நேரம் அது. வருத்தமோ, வெட்கமோ, ஒரு கிலோ இருநூறு கிராமைப் பற்றிய பயமோ. ஒன்றும் தோன்றவில்லை. டின்னில் இன்னும் எத்தனை லிட்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு இருக்கும்.

மச்சினனுக்கு அவளே போன் செய்தாள். என்னிடமும் கொடுத்தாள். அவன் முதலில் அக்காவின் எடையைக் கேட்டான். பிறகு, “இப்பத்தான் மச்சான் மூச்சு விடுறேன். உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் பஸ் ஸ்டாண்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்” என்றான்.

உனக்கு முன்பே தெரியுமா, சொல்லியிருக்கலாமே என்றேன்.

“எப்படிச் சொல்றது? அக்கா வீட்டுக்காரர் தராசு வச்சு ஆக்கிப் போடுறாக. அதை நாறுதுன்னு எந்த வாயால சொல்றது?”

அவர்கள் வீட்டில் நான் மாப்பிள்ளை. நாற்பத்தாறு வருடமாக மாப்பிள்ளை. என் இலையில் உப்புக் குறைந்தால் அவர்கள் வீட்டில் மூன்று பேர் எழுந்து ஓடுவார்கள். என் உப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதனால்தான் அக்காவைக் கொஞ்ச நாள் விடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான். அதற்குமேல் அவனால் கேட்டிருக்க முடியாது.

அந்த எண்ணெயை விளக்குக்குக்கூட வேண்டாம் என்றாள். குக்கருக்கு வளையம் வாங்கினேன். ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினேன். இப்போது அடுப்படி வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அவள் அதில் உட்கார்ந்துகொள்கிறாள், நான் நின்று செய்கிறேன். இறக்குங்கள் என்று அவள் சொன்னால் இறக்குகிறேன், விசில் எண்ணிக்கை முடியாவிட்டாலும். கடுகு போதும் என்றால் நிறுத்துகிறேன். தராசு இன்னும் மேடையில்தான் இருக்கிறது, நிறுத்துத்தான் போடுகிறேன். அவள் அதை ஒன்றும் சொல்வதில்லை. முதல் நாள் வெறும் ரசமும் துவையலும்தான். பதினாலு வாய். அதற்குப் பிறகு மறுசோறு கேட்டதால் கணக்குக் குழம்பிவிட்டது.

மருந்துக்கடை இயந்திரத்தில் அடுத்த தடவை நாற்பத்திரண்டு தாண்டியது. இப்போது நாற்பத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு.

டாக்டர் என்னைச் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லிப் புட்டிகளை மாற்றி மாற்றி நீட்டினார். நான்தான் அந்த முறையைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். நாலும் எனக்குக் காற்றுதான். ஐப்பசிக் காய்ச்சலில் போயிருக்கலாம், ஆய்வகப் புகையில் கொஞ்சம் கொஞ்சமாக முன்பே போயிருக்கலாம், வயசு இருக்கலாம். எப்போதிலிருந்து என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நான் தெரியவில்லை என்று சொன்ன பதில்களை எண்ணினால் மிகக் குறைவாகத்தான் இருக்கும். இது அவற்றில் ஒன்று. காலையும் மாலையும் புட்டிகளை இப்போது நான் முகர்கிறேன். அவள் வரிசையை மாற்றி வைத்துவிடுகிறாள். கிராம்பு என்று சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் சரியாக இருக்கிறது. நாலு புட்டியில் அப்படி நடக்கத்தான் செய்யும், அதற்கு மூக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, உறைப்பு நாக்கைச் சுடுகிறது. மற்றதெல்லாம் எங்கே என்று தெரியவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே இன்று கத்தரிக்காய் வாசம் எப்படி இருக்கிறது என்று சொல்லுவாள். பிஞ்சு, நெய் மாதிரி, போடிப் பக்கத்துக் காய் என்பாள். நான் கேட்டுக்கொள்வேன். எத்தனை வருடம் ஒரு இயந்திரம் இண்டியம் இருக்கிறது என்று சொல்லி, நான் தலையை ஆட்டியிருக்கிறேன்.

கற்களைத் திரும்ப டப்பாவில் போட்டேன். ஆர்சனோபைரைட்டைத் தனியாகத் தாளில் சுற்றி வைத்துக் கையைக் கழுவினேன்.

நேற்று சாயங்காலம் நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவள் உள்ளே திரும்பி, “மழை வருது. துணி கிடக்கு” என்றாள்.

நான் வெளியே வந்து பார்த்தேன். தலைக்கு மேலே வானம் வெளுப்பாக இருந்தது. போடி மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் புகை மாதிரி மங்கல். காற்றில்லை. ஒரு துளி இல்லை. மழை எங்கே என்றேன்.

“மண்ணு வாசம் வருது. அங்கன எங்கயோ பெய்யுது” என்றாள்.

மாடிப்படி பதினெட்டு. ஏறிப் போனேன். கொடியில் பதினோரு துணி இருந்தது, இரண்டு காயவில்லை. காயாததையும் சேர்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கீழே இறங்கி வந்து நாற்காலியில் வைத்தேன். அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்வீட்டுத் தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது.